மதுரையைச் சுற்றி நிற்கும் மலைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஒத்தக்கடைப் பக்கம் பிறந்து வளர்ந்தவன். வாசலில் நின்று பல் விளக்கினால் எதிரே யானைமலை. வெளியூரில் இருந்து வரும் சொந்தக்காரர்களும் கூட வேலை பார்ப்பவர்களும் கோயிலுக்குப் போவார்கள், ஜிகர்தண்டா குடிப்பார்கள், ராத்திரி ரயிலைப் பிடித்துவிடுவார்கள். ஊரைச் சுற்றி இத்தனை மலை இருக்கிறதே, ஒன்றையாவது பார்த்துவிட்டுப் போங்கள் என்று சொன்னால்தான் கேள்விகள் வரும். அப்படித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

மதுரை சமவெளி ஊராயிற்றே, மலை எங்கே இருக்கிறது?

வைகைக் கரையில் தட்டையாகக் கிடக்கும் ஊர்தான். ஆனால் பெரும்பாலான ரோடுகளில் ஊரைவிட்டு வெளியே கிளம்பினால் அரை மணி நேரத்தில் ஒரு மலை வந்து நின்றுவிடும். மேலூர் ரோட்டில் யானைமலை. வடக்கே அழகர்மலை, அதற்கு மேற்கே தள்ளி வகுத்துமலையும் சிறுமலையும். தேனி ரோட்டை ஒட்டி நாகமலை, அதற்குத் தெற்கே கீழக்குயில்குடி சமணர் மலை, திருமங்கலம் போகிற வழியில் பசுமலையும் திருப்பரங்குன்றமும். தெற்கே அருப்புக்கோட்டைப் பக்கம்தான் கண்ணுக்கு எட்டியவரை வெட்டவெளி.

இதில் திருப்பரங்குன்றம் ஊருக்குள்ளேயே வந்துவிட்டது. 2011இல் மதுரை மாநகராட்சி 100 வார்டாக விரிந்தபோது திருப்பரங்குன்றம் நகராட்சியும் அதில் சேர்ந்தது. அதனால் மாநகராட்சி எல்லைக்குள் மலை இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது, அதுவும் அறுபடை வீட்டில் முதல் வீடு.

ஒரே ஒரு காலைப்பொழுதுதான் கையில் இருக்கிறது. எந்த மலைக்குப் போவது?

யோசிக்காமல் கீழக்குயில்குடிக்குப் போங்கள். ஊருக்கு மேற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர், டவுன் பஸ்ஸும் உண்டு, ஆட்டோவும் வரும். அடிவாரத்தில் தாமரைக்குளம், ஆலமரம், அய்யனார் கோயில். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அய்யனாரைக் கும்பிட்டுத்தான் எங்கள் ஊர்க்காரர்கள் மலையில் கால் வைப்பார்கள், நீங்களும் அப்படியே செய்யலாம்.

பாறையிலேயே படி வெட்டியிருக்கிறார்கள், பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பியும் போட்டிருக்கிறார்கள். நிதானமாக ஏறினால் இருபது நிமிடத்துக்குள் பேச்சிப்பள்ளம் வந்துவிடும். அங்கே ஒரு சுனை, அதை ஒட்டிய பாறையில் வரிசையாக எட்டுச் சிற்பங்கள். ஐந்து தலை நாகம் குடை பிடிக்க நிற்பவர் பார்சுவநாதர், காலில் கொடி சுற்றி நிற்பவர் பாகுபலி, மகாவீரரும் இருக்கிறார், மூவரும் சமணர்கள் வணங்குபவர்கள். எல்லாம் ஏறக்குறைய 1,100 வருடத்துக்கு முந்தைய வேலை. சிற்பங்களுக்குக் கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் யார் செய்து கொடுத்தது என்று வெட்டி வைத்திருக்கிறார்கள். அதில் ஒன்று அச்சணந்தி என்ற சமணத் துறவியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி. அச்சணந்தியின் பெயர் தமிழ்நாட்டில் பல மலைகளில் கிடைக்கிறது, ஆனால் அவரைப் பெற்றவளின் பெயரை இங்கே வந்துதான் பார்க்க வேண்டும். என் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனபோது இதைப் படித்துச் சொன்னேன். “அந்தம்மா பேரு இன்னும் இருக்காப்பா?” என்று கேட்டுவிட்டு, அந்தப் பாறைக்கு முன்னால் கையெடுத்துக் கும்பிட்டார்.

இறங்கி வந்து மலையின் இன்னொரு பக்கம் நடந்தால் செட்டிப்புடவு. புடவு என்றால் குகை. வெளியே தீர்த்தங்கரர் எனப்படும் சமண ஞானகுருவின் பெரிய உருவம் ஒன்று பாறையில் உட்கார்ந்திருக்கும், அதைத்தான் ஊரில் செட்டியார் என்று சொல்லிச் சொல்லி அந்தப் பெயர் வந்தது. உள்ளே குனிந்து போய் அண்ணாந்து பார்த்தால் கூரை வளைவில் இன்னும் ஐந்து சிற்பங்கள், அதில் ஒன்று சிங்கத்தின் மேல் ஏறி யானை மேல் வருபவனோடு சண்டை போடும் இயக்கி என்ற சமணப் பெண் தெய்வம். கைப்பேசி வெளிச்சத்தை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் இருந்து அடித்துப் பாருங்கள், நிழல் விழுந்து உருவம் எழும்பி வரும்.

கல் படுக்கை, பஞ்சபாண்டவர் படுக்கை என்கிறார்களே, அது என்ன?

மதுரையைச் சுற்றி இருக்கும் மலைக் குகைகளில் தரைப் பாறையைச் செதுக்கி, ஆள் படுக்கிற அளவுக்குச் சமப்படுத்தி வைத்திருப்பார்கள். தலை வைக்கிற பக்கம் மட்டும் நாலு விரல் உயரம் மேடாக விட்டிருப்பார்கள், அதுதான் தலையணை. உச்சி வெயிலில் போய் அதில் உள்ளங்கையை வைத்தால் பானைத் தண்ணீர் மாதிரி குளிர்ந்து கிடக்கும். வனவாசம் வந்த பாண்டவர்கள் படுத்த இடம் என்று ஊர் மக்கள் நம்பியதால் பஞ்சபாண்டவர் படுக்கை, பஞ்சபாண்டவர் மலை என்ற பெயர்கள் வந்தன. உண்மையில் அவை சமணத் துறவிகளுக்காக வெட்டப்பட்டவை, பழையவற்றுக்கு 2,000 வருடத்துக்கு மேல் வயது. மழைக்காலத்தில் நாலு மாதம் அவர்கள் ஊர் ஊராக நடக்க மாட்டார்கள், ஓரிடத்தில் தங்கிவிடுவார்கள். அந்த நேரத்தில் தங்குவதற்குத்தான் ஊர்க்காரர்களும் வணிகர்களும் செலவு செய்து குகையைச் சரிப்படுத்திக் கொடுத்தார்கள்.

படுக்கையைப் பார்த்துவிட்டு உடனே திரும்பிவிடாதீர்கள். குகையின் நெற்றியை அண்ணாந்து பாருங்கள், புருவம் மாதிரி நீளமாக ஒரு காடி வெட்டியிருக்கும். மேலே பெய்கிற மழை பாறை மேல் வழிந்து வந்து அந்தக் காடியில் தட்டி வெளியே சொட்டிவிடும், குகைக்குள் வராது. எழுத்து வெட்டியவர்களும் பல இடங்களில் அந்தக் காடிக்குக் கீழே, மழை படாத இடமாகப் பார்த்து வெட்டியிருக்கிறார்கள். இத்தனை ஆயிரம் மழைக்குப் பிறகும் நம்மால் அந்த எழுத்தைப் படிக்க முடிகிறது என்றால் அதற்கு அந்த விரல் அகலக் காடி ஒரு முக்கியமான காரணம். ஐப்பசி மழையில் ஒருமுறை முத்துப்பட்டிப் பக்கம் குகைக்குள் ஒதுங்கி நின்றபோது வாசல் முழுக்கத் தண்ணீர்த் திரை மாதிரி விழுந்துகொண்டிருந்தது, உள்ளே ஒரு சொட்டு வரவில்லை.

தமிழி எழுத்தை எங்கே பார்க்கலாம்? அதில் என்னதான் எழுதியிருக்கிறது?

தமிழை எழுதிய மிகப் பழைய எழுத்துதான் தமிழி அல்லது தமிழ் பிராமி. அது உள்ள மலைகள் மதுரை மாவட்டத்தில்தான் மிக அதிகம். யானைமலை, திருப்பரங்குன்றம், முத்துப்பட்டி, கொங்கர்புளியங்குளம், விக்கிரமங்கலம், மேட்டுப்பட்டி சித்தர்மலை, வரிச்சியூர், கீழவளவு, கருங்காலக்குடி, திருவாதவூர், அரிட்டாபட்டி, மாங்குளம், அழகர்மலை என்று சொல்லிக்கொண்டே போகலாம்.

பழமையில் மாங்குளம் முக்கியம். மீனாட்சிபுரத்தை ஒட்டிய ஓவா மலையில் இருக்கும் இந்தக் கல்வெட்டுகளை 1882இல் ராபர்ட் சிவெல் என்ற ஆங்கிலேய அதிகாரி கண்டுபிடித்தார். அது தமிழ்தான் என்று 1924இல் படித்துக் காட்டியவர் கே. வி. சுப்பிரமணிய ஐயர். கணி நந்தாசிரியன் என்ற துறவிக்கு நெடுஞ்செழியனின் பணியாளன் கடலன் வழுதி பள்ளி, அதாவது துறவிகள் தங்கும் இடம், வெட்டிக் கொடுத்த செய்தி அதில் இருக்கிறது. சங்கப் பாட்டில் கேட்ட பெயரைப் பாறையில் விரல் நீட்டிப் படிக்கும்போது உடம்பு சிலிர்க்கும்.

ஆனால் என்னைக் கேட்டால் அழகர்மலைக் கல்வெட்டுதான் மனசுக்கு நெருக்கம். கிடாரிப்பட்டி வழியாகப் போக வேண்டும். அங்கே ராஜா பெயர் கிடையாது. உப்பு வணிகன், பாணித வணிகன், கொழு வணிகன், அறுவை வணிகன், பொற்கொல்லன் என்று கடைத்தெரு ஆட்களின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. பாணிதம் என்றால் வெல்லப்பாகு, கொழு ஏர்க்கொழு, அறுவை துணி. சிலருடைய ஊர் ‘மத்திரை’ என்று எழுதியிருக்கிறது. நம் மதுரைதான். இன்றைக்கும் கீழமாசி வீதியிலும் வெங்கலக்கடைத் தெருவிலும் இதே தொழில்களைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். திருப்பரங்குன்றத்துக் கல்வெட்டில் எருக்காட்டூரைச் சேர்ந்த ஈழக் குடும்பிகன், அதாவது ஈழத்துக் குடும்பத் தலைவர், ஒருவர் வருகிறார். கடலுக்கு அந்தப் பக்கத்துத் தொடர்பு அப்போதே இந்த மலை வரை வந்திருக்கிறது.

யானைமலை நிஜமாகவே யானை மாதிரி இருக்குமா?

இருக்கும். துதிக்கையை முன்னால் நீட்டிப் படுத்திருக்கும் யானை. கிலோமீட்டர் கணக்கில் நீளும் பாறை, பெரும் பகுதியில் மரமோ மண்ணோ கிடையாது. இந்தப் பெயர் நேற்று வைத்ததும் இல்லை. மலையில் உள்ள தமிழிக் கல்வெட்டிலேயே ‘இவகுன்றம்’ என்று இருக்கிறது, இவம் என்றால் யானை. ஆக, 2,000 வருடத்துக்கு முன்னால் இந்த வழியாகப் போனவர்களுக்கும் இது யானையாகத்தான் தெரிந்திருக்கிறது. சம்பந்தர் தேவாரத்திலும் ஆனைமாமலை என்று வருகிறது.

ஒத்தக்கடையில் இருந்து இடது பக்கம் திரும்பினால் நரசிங்கம். மலையைக் குடைந்து செய்த யோக நரசிம்மர் கோயிலை, பாண்டியன் நெடுஞ்சடையனின் உத்தரமந்திரி, அதாவது தலைமை அமைச்சர், மாறன் காரி கட்ட ஆரம்பித்தார். கோயில் முடிவதற்குள் அவர் காலமாகிவிட, அந்தப் பதவிக்கு வந்த தம்பி மாறன் எயினன் முகமண்டபம் கட்டி முடித்தார். கல்வெட்டில் கலியுக வருடம் குறித்திருப்பதால் கி.பி. 770 என்று சரியாகச் சொல்ல முடிகிறது. அதே அடிவாரத்தில் லாடன் கோயில் என்று பாறையைக் குடைந்த ஒரு சின்னக் குடைவரைக் கோயில் இருக்கிறது, முருகனும் தெய்வானையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். நரசிம்மரைப் பார்க்க வருபவர்களில் பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது, கேட்டு விசாரித்துப் போங்கள். கொஞ்சம் மேலே ஏறினால் சமணச் சிற்பங்கள், அவற்றின் மேல் பூசிய பழைய சுதையும் வண்ணமும் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

மலையின் உச்சிக்கு ஏற முடியுமா என்றும் கேட்பார்கள். படி கிடையாது, வழுக்குப் பாறை. வேண்டாம்.

யானை, நாகம், பசு மூன்றும் மலையானதாக ஒரு கதை சொல்வார்களே?

திருவிளையாடல் கதை. சமணர்கள் மந்திரத்தால் மதுரையை அழிக்க ஒரு யானையையும் நாகத்தையும் பசுவையும் ஏவினார்கள், யானையும் நாகமும் சொக்கநாதர் அருளால் அம்பு பட்டு விழுந்து மலையாயின, பசுவை எதிர்த்துப் போன நந்தி அதை வீழ்த்திவிட்டுத் தன் உடலை இடபமலையாக விட்டுப்போனது என்று போகும். வண்டியூர்ப் பக்கம் எந்தப் பாட்டியைக் கேட்டாலும் சொல்வார். சமயப் போட்டி நடந்த காலத்துக் கதை என்பதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள். இந்த மலைகளில் சமணர்கள் நிறையப் பேர் வாழ்ந்தார்கள் என்பதைக் கதையும் ஒப்புக்கொள்கிறது, கல்வெட்டும் சொல்கிறது. மதுரையைச் சுற்றிய சமணக் குன்றங்கள் எட்டையும் எண்ணிச் சொல்லும் பழைய வெண்பா ஒன்றே உண்டு, அந்த எட்டில் பரங்குன்றம், யானை, அழகர்மலையைக் குறிக்கும் இருங்குன்றம் மூன்றும் வரும்.

இந்த மலைகள் எல்லாம் ஏன் இப்படித் தனித்தனியாக, மொட்டையாக நிற்கின்றன?

சுற்றியிருந்த பாறை பல கோடி வருட மழையிலும் வெயிலிலும் கரைந்து போய்விட்டது, கரையாத கெட்டிப் பாறை மட்டும் நின்றுவிட்டது. கடலில் தீவு நிற்கிற மாதிரி வயலுக்கு நடுவே நிற்கும். பகல் சூடு, ராத்திரிக் குளிர் என்று மாறி மாறி வருவதாலும், மேலே இருந்த பாரம் குறைந்துகொண்டே வருவதாலும் பாறையின் மேல்பக்கம் வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காகப் பிரியும். அதனால்தான் யானைமலை முதுகு அவ்வளவு வழவழப்பாக இருக்கிறது. உரிந்து சாய்ந்த பாறைகளுக்கு அடியில் உண்டான இடுக்குகள்தான் பல இடங்களில் துறவிகள் தங்கிய குகைகள்.

மொட்டைப் பாறையால் யாருக்கு என்ன பிரயோசனம் என்று கேட்பவர்கள் ஒரு கனமழைக்கு அடிவாரத்தில் நிற்க வேண்டும். பாறையில் விழுகிற தண்ணீர் துளிகூட உறிஞ்சப்படாமல் ஓடி வந்து கீழே ஊருணிக்கும் கண்மாய்க்கும் போகும். அடிவாரத்துக் கிராமங்கள் இந்தத் தண்ணீரை நம்பித்தான் மலைக்குக் கீழே குடியேறின.

திருப்பரங்குன்றத்தில் கோயிலைத் தவிர என்ன பார்க்க வேண்டும்?

கோயிலையே பெரும்பாலும் சரியாகப் பார்ப்பதில்லை. கூட்டத்தில் நகர்ந்து போய் முருகனைக் கும்பிட்டு வந்துவிடுகிறோம், ஆனால் கருவறை மலையைக் குடைந்தது, அதே பாறையில் சிவன், பெருமாள், துர்க்கை, பிள்ளையார் எல்லாரும் இருக்கிறார்கள். மூலவர் மலையோடு சேர்ந்தவர் என்பதால் அபிஷேகம் வேலுக்குத்தான். குடைவரையில் உள்ள கல்வெட்டு கி.பி. 773ஐ ஒட்டியது, யானைமலைக் கோயில் முடிந்த கையோடு என்று சொல்லலாம். பின்பக்கம் தென்பரங்குன்றத்தில் உமையாண்டார் கோயில் என்ற குடைவரை இருக்கிறது. சமணக் கோயிலாக இருந்து பிறகு சிவன் கோயிலானது, கூட்டமே இருக்காது, மர நிழலில் உட்கார்ந்துவிட்டு வரலாம்.

மலை உச்சியில் காசி விசுவநாதர் கோயிலும் சிக்கந்தர் தர்காவும் இருக்கின்றன. 2025 முதல் இந்த மலை மறுபடியும் வழக்கிலும் செய்தியிலும் அடிபடுவதால் மேலே போகிற நாளில் என்ன கட்டுப்பாடு என்று அடிவாரத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். நான் சின்ன வயதில் போனபோது சுனையில் மீனுக்குப் பொரி போட்டுவிட்டு இரண்டு இடத்திலும் கும்பிட்டு வருவோம், கூட வந்த எல்லாரும் அப்படித்தான். என் பிள்ளைகளும் அப்படியே போய்வர வேண்டும் என்பது என் ஆசை.

அழகர்மலையும் சிறுமலையும் இந்தக் குன்றுகள் மாதிரியே இருக்குமா?

இல்லை, இவை காட்டு மலைகள். அழகர்கோயில் மதுரையில் இருந்து 21 கிலோமீட்டர். அடிவாரத்தில் கள்ளழகர், மேலே பழமுதிர்சோலை, அதற்கும் மேலே ராக்காயி அம்மன் கோயிலும் நூபுர கங்கையும். அழகருக்கு அபிஷேகம் அந்தத் தண்ணீரில்தான். சிலம்பாறு என்று அதற்குப் பழைய பெயர். கோயிலில் தடிமனாக, நெய்யில் சுட்டுத் தரும் தோசையை வாங்கி அங்கேயே பிய்த்துச் சாப்பிடுங்கள், பையில் வைத்தால் குரங்கு விடாது.

சிறுமலைக்கு ரோடு திண்டுக்கல் பக்கம் இருந்து, 18 கொண்டை ஊசி வளைவு. அங்கத்திய மலைவாழைக்குப் புவிசார் குறியீடு உண்டு. முடிக்கொத்து நோய் வந்து ஒரு காலத்தில் தோட்டங்களையே காலி பண்ணிவிட்டது, இப்போது கிடைப்பதை விடாமல் வாங்கிவிடுங்கள். மதுரைப் பக்கச் சரிவில் வாடிப்பட்டிக்கு அருகே குட்லாடம்பட்டி அருவி, மழை பெய்த வாரத்தில் மட்டும் போங்கள். பாலமேட்டுச் சாத்தையாறு அணைக்கும் இந்த மலைகளில் இருந்துதான் தண்ணீர்.

அரிட்டாபட்டியில் என்ன நடந்தது? இப்போது போகலாமா?

போகலாம், போக வேண்டும். மேலூருக்கு இந்தப் பக்கம், ஏழு மலைகள் சூழ்ந்த ஊர். 2022 நவம்பரில் அரிட்டாபட்டியையும் மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193 ஹெக்டேருக்கு மேல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. லகர் வல்லூறு, ஷாகின் வல்லூறு, ராசாளிக் கழுகு மூன்றும் ஒரே இடத்தில் பறக்கும் ஊர் அது. தேவாங்கு, எறும்புத்தின்னி, மலைப்பாம்பு உண்டு. சின்னச் சின்னதாக 72 ஏரிகள், 200 சுனைகள் என்று அரசு அறிவிப்பிலேயே இருக்கிறது. குடைவரைச் சிவன் கோயிலில் சிவனின் ஒரு வடிவமான இலகுலீசர் சிற்பம் இருக்கிறது, தமிழ்நாட்டில் அது அபூர்வம். கழிஞ்சமலையில் தமிழியும் சமணப் படுக்கைகளும்.

இரண்டு வருடம் கழித்து, 2024 நவம்பரில், நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்துவிட்டது என்று செய்தி வந்தது. 2,015 ஹெக்டேர். அந்தப் பரப்புக்குள் அரிட்டாபட்டியும் வந்தது. அதற்குப் பிறகு நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். கிராமம் கிராமமாகக் கூட்டம் போட்டார்கள், மந்தையில் உட்கார்ந்தார்கள், வயலில் வேலையை நிறுத்திவிட்டுப் பெண்கள் வந்தார்கள். டிசம்பர் 9ஆம் தேதி சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7ஆம் தேதி நரசிங்கம்பட்டியில் இருந்து மதுரை தல்லாகுளம் வரை ஆயிரக்கணக்கானவர்கள் நடந்தும் வண்டியிலும் வந்தார்கள், ஒத்தக்கடையில் ரோட்டோரம் நின்று தண்ணீர் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். ஜனவரி 23ஆம் தேதி ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அன்று ராத்திரி எங்கள் தெருவிலேயே வேட்டுச் சத்தம் கேட்டது.

நீங்கள் போனால் சத்தம் போடாமல் போங்கள். பாறை முகட்டில் வல்லூறு கூடு கட்டும் காலத்தில் பக்கத்தில் ஏறக்கூடாது. ஊர்க்காரர் ஒருவரை வழிக்குக் கூட்டிக்கொள்ளுங்கள், அவர்கள் காட்டுகிற இடத்தை நீங்களாகக் கண்டுபிடிக்க முடியாது.

மலைகளைக் கல்லுக்காக வெட்டியதாகச் சொல்கிறார்களே, உண்மையா?

உண்மை. மேலூர், கீழவளவு பக்கம் போனால் நீங்களே பார்க்கலாம், மலை இருந்த இடத்தில் சதுரம் சதுரமாகப் பள்ளம், அடியில் பச்சைத் தண்ணீர். கிரானைட் ஏற்றுமதிக்காக வருடக்கணக்கில் அறுத்தார்கள். 2012இல் அப்போதைய கலெக்டர் சகாயம் அரசுக்கு அனுப்பிய அறிக்கையில் 16,000 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்று கணக்குச் சொன்னார், பிறகு உயர் நீதிமன்றமே அவரை விசாரணை ஆணையராக நியமித்தது. கீழவளவில் பஞ்சபாண்டவர் மலையும் அதன் தமிழிக் கல்வெட்டும் தப்பி நிற்கின்றன. அதன் மேல் ஏறி நின்று நாலு பக்கமும் பார்த்தால் தொண்டையை அடைக்கும். காடு போனால் மரம் நடலாம், கண்மாய் தூர்ந்தால் தூர் வாரலாம். குன்றுக்கு அப்படி எதுவும் செய்ய முடியாது.

யானைமலைக்கும் அந்தக் கதி வந்திருக்கும். 2010 வாக்கில் அதைச் சிற்ப நகரமாக்கும் பேச்சு வந்தபோது நரசிங்கம், ஒத்தக்கடை, கொடிக்குளம் மக்கள் எல்லாரும் கிளம்பி எதிர்த்ததால் நின்றது. அந்தச் சமயத்தில்தான் எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் பசுமை நடை என்று மலைகளுக்கு மக்களைக் கூட்டிப் போக ஆரம்பித்தார். தொல்லியல் தெரிந்த ஒருவர் பாறைக்குப் பக்கத்தில் நின்று எழுத்தெழுத்தாகச் சொல்வார், சுற்றி உட்கார்ந்து கேட்போம். நான் படித்த வரலாற்றில் பாதி அங்கே கேட்டதுதான்.

எந்த மாதம், எத்தனை மணிக்குப் போவது நல்லது?

கார்த்திகை முதல் மாசி வரை. காலை ஆறு மணிக்கு ஏறி ஒன்பதுக்குள் இறங்கிவிடுங்கள். சித்திரை, வைகாசியில் பாறை தோசைக்கல் மாதிரி காயும். என் சித்தப்பா மகன் ஒருமுறை மே மாதம் பதினோரு மணிக்கு நாகமலைச் சரிவில் மயங்கி விழுந்துவிட்டான், நாலு பேரும் சேர்ந்து தோளில் தூக்கிக்கொண்டு இறக்கினோம், ஆளுக்கு அரை லிட்டர் தண்ணீர்தான் எடுத்துப் போயிருந்தோம். ஆளுக்கு இரண்டு லிட்டர் வேண்டும், தொப்பி வேண்டும். கீழக்குயில்குடி அடிவாரத்தில் நுங்கு விற்கும் அப்பத்தா ஒருவர் ஏறப் போகிற எல்லாரிடமும் சொல்வார்: “யப்பா, வெயிலு ஏறுறதுக்குள்ள எறங்கிருங்கய்யா.” அதைக் கேளுங்கள். தூறல் விழுந்தால் ஏறவே ஏறாதீர்கள், பாறைப் பாசி காலை வாரிவிடும்.

பாம்பு, குரங்கு?

குரங்கு அழகர்கோயிலில் மிக அதிகம். பாம்பு எல்லா மலையிலும் உண்டு, புல்லில் கால் வைக்கும் முன் குச்சியால் தட்டிக்கொண்டே போங்கள். மயில் எங்கே போனாலும் வரும்.

பாறையில் பெயிண்டில் பெயர் எழுதி வைத்திருக்கிறார்களே, நாங்கள் போய் அழிக்கலாமா?

நல்ல எண்ணம், ஆனால் கை வைக்காதீர்கள். கம்பி பிரஷ், ஆசிட், தின்னர் எல்லாம் பெயிண்டோடு சேர்த்துப் பாறையின் தோலையும் எடுத்துவிடும், அந்தத் தோலில்தான் எழுத்து இருக்கிறது. போட்டோ எடுத்து, இடத்தைக் குறித்துத் தொல்லியல் துறைக்கு அனுப்புங்கள். அதே மாதிரி எழுத்து தெளிவாகத் தெரியட்டும் என்று சாக்பீஸ், சுண்ணாம்பு தேய்ப்பதும் கூடாது. படுக்கையில் உட்கார்ந்து பொங்கல் பொட்டலத்தைப் பிரிக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன், எண்ணெய்க் கறை கல்லில் இறங்கிவிட்டால் போகாது. கீழே ஆலமரத்தடியில் வைத்துச் சாப்பிடலாமே.

உலகத்தில் வேறு ஊர்களிலும் இப்படி மலை இருக்கிறதா? மதுரையை அவற்றோடு சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லலாம். ரியோ டி ஜெனிரோவில் கடலோரத்தில் 396 மீட்டரில் நிற்கும் சர்க்கரைப்பொதி மலை, நம் யானைமலை மாதிரியே தோல் உரிந்து வழவழப்பான பாறை. அங்கே 1912இலேயே கம்பிவண்டி (கேபிள் கார்) போட்டுவிட்டார்கள். கேப் டவுனில் மேசை மலை ஊருக்குப் பின்னால் சுவர் மாதிரி எழும்பி நிற்கும், ஆயிரம் மீட்டருக்கு மேல். சியோலில் 836 மீட்டர் புகன்சான் மலை ஊர் எல்லையிலேயே தேசியப் பூங்காவாக இருக்கிறது, லீவு நாளில் குடும்பம் குடும்பமாக ஏறுவார்கள். பக்கத்திலேயே வேண்டுமென்றால் சேலம்: சேர்வராயன், நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை என்று நாலு பக்கமும் மலை. உயரத்தில் மதுரைக் குன்றுகள் இவற்றுக்கு ஈடில்லை. ஆனால் உப்பு விற்றவரும் துணி விற்றவரும் 2,000 வருடத்துக்கு முன்னால் தங்கள் பெயரையும் ஊரையும் பாறையில் எழுதி வைத்த மலைகள் இத்தனை, ஒரு காலை நேரப் பயணத் தூரத்துக்குள், மதுரையில்தான் இருக்கின்றன.

ஏற முடியாது, முட்டிவலி. இருந்த இடத்தில் இருந்தே பார்க்க வழி உண்டா?

உண்டு. மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை ஏதாவது உயரமான மொட்டை மாடிக்குப் போங்கள். வடகிழக்கே யானைமலை, வடக்கே அழகர்மலை, வடமேற்கே சிறுமலை, மேற்கே நாகமலை, தென்மேற்கே பரங்குன்றம். காற்று சுத்தமாக இருந்தால் மேற்கே நாகமலைக்கும் பின்னால் கொடைக்கானல் மலைகள் நீலக் கோடாகத் தெரியும். புதுக் கட்டடங்கள் வந்து ஒவ்வொரு பக்கமாக மறைத்துக்கொண்டிருக்கின்றன, எங்கள் வீட்டு மாடியில் இருந்து இப்போது அழகர்மலை தெரிவதில்லை.

அதுவும் முடியாவிட்டால் சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ்ஸில் ஏறி இடது பக்க ஜன்னலில் உட்காருங்கள். மேற்கே இறங்குகிற வெயில் முழுவதும் யானைமலை மேல் விழும், சாம்பல் பாறை கொஞ்சம் கொஞ்சமாகச் செங்கல் நிறத்துக்கு வரும். ஒத்தக்கடையில் இறங்கி, ஒரு டீ வாங்கிக்கொண்டு ரோட்டோரம் நின்றால் அந்த நிறம் போகிற வரைக்கும் பார்க்கலாம்.